பழைய பந்தயப் படகைக் காப்பாற்றுவது எப்படி: ஆள் சேர்ப்பதிலிருந்து தண்ணீரில் இறக்குவது வரை

பழைய பந்தயப் படகு ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" பணம் அப்புறம் வரும். இந்தப் படகுகளை உயிரோடு வைத்திருப்பவர்கள் ஆர்வலர்கள்தான். ஓய்வு பெற்ற மெக்கானிக், அப்பாவின் பழைய ஸ்லைடுகளைப் பெட்டியோடு வைத்திருக்கும் மகள், சனிக்கிழமைதோறும் உப்புத்தாளோடு வந்து நிற்கும் பையன். ஆள் இல்லாமல் பணம் மட்டும் இருக்கும் படகு, பளபளவென்று பெயின்ட் அடித்து யாரோ ஒருவருடைய கார் ஷெட்டில் போய் நின்றுவிடும். அதன் கதையைச் சொல்ல ஆள் இருக்காது.

என் தொழில் உலோகத்தில் விரிசல் தேடுவது. திருச்சியில் பாய்லர் வெல்டிங் பரிசோதனையில் ஆரம்பித்தேன். இப்போது அமெரிக்காவில், சியாட்டிலுக்குத் தெற்கே கென்ட் நகரில், விமானப் பாகங்களைப் பரிசோதிக்கிறேன். வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஹைட்ரோபிளேன் என்னும் பழைய அதிவேகப் பந்தயப் படகுகளைச் சீர்செய்யும் ஒரு குழுவோடு இருப்பேன். இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் வாஷிங்டன் ஏரியில் நடக்கும் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இதில் நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்கள். நிறையவே செய்யலாம்.

முதலில் படகைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ரோபிளேனின் முன்பக்கத்தில் வலமும் இடமும் ஸ்பான்சன் எனப்படும் இரண்டு மிதவைகள், பின்னால் புரொப்பெல்லர். வேகம் பிடித்ததும் இந்த மூன்று இடங்கள் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். புரொப்பெல்லரே பாதிதான் முழுகியிருக்கும். மீதி உடலெல்லாம் காற்றில். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போர் விமான இஞ்சின்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. அலிசன், ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்று 27, 28 லிட்டர் கொள்ளளவு கொண்ட 12 சிலிண்டர் ராட்சதர்களை மரப் படகில் பூட்டி ஓட்டினார்கள்.

டெட் ஜோன்ஸ் வரைந்து, ஆங்கர் ஜென்சனின் பட்டறையில் கட்டி, ஸ்டான்லி சேயர்ஸ் என்ற சியாட்டில் கார் வியாபாரி வைத்திருந்த ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற படகு, 1950 ஜூன் 26 அன்று வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160.323 மைல் வேகம் போனது. அதாவது 258 கிலோமீட்டர். அதற்கு முந்தைய உலக சாதனை, மால்கம் கேம்ப்பெல் 1939இல் இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் வைத்த 141.74 மைல். அதே 1950இல் டெட்ராய்ட் போய்த் தங்கக் கோப்பை என்ற படகுப் பந்தயத்தையும் ஜெயித்ததால், அடுத்த ஆண்டுப் பந்தயம் சியாட்டிலுக்கு வந்தது. அந்தக் காலத்துச் சியாட்டில் பிள்ளைகள் பலகையில் குட்டி ஹைட்ரோபிளேன் செய்து சைக்கிளுக்குப் பின்னால் கட்டித் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போவார்களாம். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். அவர்களில் சிலர்தான் எங்கள் பட்டறைக்கு முதலில் வந்து கதவைத் திறப்பவர்கள்.

ஆள் சேர்ப்பது

படகோடு சம்பந்தப்பட்ட மூத்தவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. மரம் இன்னும் பத்து வருடம் தாங்கும், மனிதரின் ஞாபகம் தாங்காது. ஓட்டியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் தேட வேண்டியது அவரை அல்ல. இஞ்சின் மாற்றியவர், டிரெய்லர் ஓட்டியவர், பெயர் எழுதிய பெயின்டர், இவர்கள்தான் முக்கியம். அவர்கள் இல்லை என்றால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

போகும்போது வெறும் கேள்வித் தாளோடு போகாதீர்கள். ஒரு பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள். ஒரு பழைய குழு மெக்கானிக்கிடம் நாங்கள் ஸ்டியரிங் இணைப்புத் தண்டு ஒன்றைக் கொண்டுபோனோம். பேச்சில் எதுவும் பெரிதாக வரவில்லை. தண்டைக் கையில் கொடுத்ததும் அதைப் புரட்டி, ஒரு முனையில் இருந்த தட்டையான தேய்மானத்தில் கட்டை விரலை வைத்து, "இது முதலில் இருந்தது இல்லை, படகு வலப் பக்கம் இழுத்ததால் நாங்கள் நீளம் குறைத்தோம்" என்றார். எந்த வரைபடத்திலும் அது இல்லை. பேசுவதைப் பதிவு செய்யுங்கள், அன்று இரவே எழுதி வையுங்கள், எந்தப் பாகத்தைப் பற்றி எந்த நிமிடத்தில் பேசினார் என்று குறித்து வையுங்கள். என் கணவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. எங்கள் குழுவின் புகைப்படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, தேதி போட்டு அடுக்கியவர் அவர்தான். அந்த அடுக்கு இல்லாமல் எங்களால் ஒரு பலகையைக்கூடத் தைரியமாகக் கழற்ற முடியாது.

கைவேலை தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கணக்கு எழுதுவது, உதிரி பாகங்களுக்குச் சீட்டுக் கட்டுவது, பழைய செய்தித்தாள் தேடுவது எல்லாம் படகு வேலைதான். குழு நடத்துபவர்களுக்கு ஒன்று சொல்வேன். புதிதாக வருபவர் முதல் நாளே ஒரு சின்ன வேலையை முழுசாக முடித்துவிட்டுப் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

காகிதம்

மரத்தைத் தொடுவதற்கு முன் காகிதம். இதற்கு இங்கிலாந்தின் புளூபேர்ட் கே7 படகின் கதையைப் பொறுமையாகச் சொல்லத்தான் வேண்டும்.

மால்கமின் மகன் டொனால்ட் கேம்ப்பெல். ஸ்லோ-மோ-ஷன் 4 தன் சாதனையைத் தானே 1952இல் 178.497 மைலாக உயர்த்தியிருந்தது. டொனால்ட் கே7 என்ற ஜெட் படகில் 1955 ஜூலை 23 அன்று அல்ஸ்வாட்டர் ஏரியில் 202.32 மைல் போய் அதைத் தாண்டினார். 1964க்குள் ஏழு முறை உலக சாதனை. கடைசியாக ஆஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் 276.33 மைல். 1967 ஜனவரி 4 அன்று கானிஸ்டனில் 300 மைலைத் தாண்டும் முயற்சியில் படகு மேலே கிளம்பிக் கவிழ்ந்தது. அவர் இறந்தார். படகு ஏரியின் அடியில் கிடந்தது.

பில் ஸ்மித் என்ற பொறியாளரும் அவர் குழுவும் 2001 மார்ச்சில் அதை மேலே எடுத்தார்கள். அதே ஆண்டில் டொனால்டின் உடலும் கிடைத்து, கானிஸ்டனிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 2006இல் குடும்பத்தார் படகைக் கானிஸ்டனின் ரஸ்கின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த நாட்டில் லாட்டரி வருமானத்திலிருந்து தரும் நிதியைக் கேட்டுக் கிடைக்கவில்லை. பிறகு டைன் ஆற்றங்கரையில் நார்த் ஷீல்ட்ஸ் பட்டறையில் தன்னார்வலர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார்கள், நிறுவனங்கள் பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்தன. நசுங்கிய அலுமினியத் தகடுகளைத் தூக்கிப் போடாமல், முடிந்தவரை தட்டி நிமிர்த்தி அதே இடத்தில் வைத்தார்கள். 2018 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பியூட் தீவில் ஃபேட் ஏரியில் கே7 மறுபடியும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. அந்த வீடியோவைப் பார்த்தபோது எங்கள் பட்டறையில் வேலை நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். புதிதாகச் செய்த பாகங்கள் யாருக்குச் சொந்தம், படகு எங்கே இருக்க வேண்டும், யார் ஓட்டுவது என்பதில் அருங்காட்சியகத்துக்கும் சீர்செய்த தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. விவகாரம் சட்டம் வரை போனது. கடைசியில் 2024 மார்ச்சில்தான் படகு கானிஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. இரண்டு தரப்புமே படகை நேசித்தவர்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் நேசம் இருக்கிற இடத்தில்தான் எழுத்து இன்னும் அவசியம்.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே இவற்றை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: படகின் உடல் யாருடையது; இஞ்சின் யாருடையது (படகும் இஞ்சினும் வேறு வேறு ஆளுடையதாக இருப்பது இங்கே சாதாரணம்); புதிதாகச் செய்து பொருத்தும் பாகம் பொருத்திய நொடியிலிருந்து யாருடையது; வேலை முடிந்ததும் படகு எங்கே இருக்கும்; வருடத்துக்கு எத்தனை முறை ஓட்டலாம், யார் அனுமதி வேண்டும்; குழு கலைந்தால் என்ன ஆகும். இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒரு வழக்கறிஞர் பார்த்துவிட்டால் நல்லது. கடன் கொடுத்த பாகத்தின் மேல் கொடுத்தவர் பெயரைப் பொறித்து வைப்பதும் நல்ல பழக்கம்.

இன்னொரு காகித வேலை, படகு உண்மையில் எது என்று நிச்சயம் செய்வது. விளம்பரதாரர் மாறினால் பெயரும் நிறமும் மாறிவிடும். ஒரே உடல் நாலைந்து பெயரில் ஓடியிருக்கும். ஒரே பெயரில் வேறு வேறு உடல்கள் ஓடியிருக்கும். அதனால் பெயின்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடலுக்குள் இருக்கும் மரச் சட்டங்களின் இடைவெளி, அடித்த ஆணிகளின் வரிசை, பழைய விபத்தில் ஒட்டுப் போட்ட இடம், இவற்றைப் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். விபத்துத் தழும்புதான் படகின் கைரேகை.

தொடாமல் பார்ப்பது

ஷெட்டுக்குள் படகு வந்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். யாராவது ஒருவர் உப்புத்தாளை எடுப்பார். வாங்கி வைத்துவிடுங்கள்.

முதலில் படகைச் சரியாக உட்கார வையுங்கள். தொட்டில் மாதிரி மரத் தாங்கு செய்து, ஸ்பான்சன்களுக்கும் உள் சட்டங்களுக்கும் நேர் கீழே தாங்க வேண்டும். பட்டை போட்டுத் தூக்கி நாள்கணக்கில் தொங்கவிட்டால் உடல் முறுக்கிக்கொள்ளும். நனைந்த மரப் படகை ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவரவே கூடாது. வேகமாகக் காய்ந்தால் பிளைவுட் ஏடு ஏடாகப் பிரியும். கூரை இருக்கட்டும், காற்று ஓடட்டும், மெதுவாகக் காயட்டும்.

அப்புறம் புகைப்படம். ஒவ்வொரு படத்திலும் ஒரு அளவுகோல் தெரிய வேண்டும். கையால் எழுதிய எழுத்துகள் இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே விரித்து அப்படியே நகல் எடுங்கள். பிறகு கண்ணில் படாத ஒரு மூலையில், காசு அளவு இடத்தில், பெயின்டைப் படிப்படியாகத் தேய்த்துப் பாருங்கள். மேலே வெள்ளை, அடுத்து சிவப்பு, அதற்கும் கீழே ஒரு மங்கிய பச்சை, கடைசியில் வார்னிஷ் என்று வளையம் வளையமாக வெளிப்படும். ஒவ்வொரு வளையமும் ஒரு பந்தய வருடம். எந்த வருடத்துக்குத் திருப்புவது என்று குழு முடிவு செய்ய வேண்டியது இந்த வளையங்களைப் பார்த்துத்தான். ஜெயித்த வருடத்தைத்தான் எல்லோரும் விரும்புவார்கள். எனக்கு, கடைசியாக ஓடிய நிலையை அப்படியே வைத்தால் என்ன என்று பல முறை தோன்றியிருக்கிறது. எப்படி முடிவெடுத்தாலும், பழைய பெயின்ட் அடுக்குகள் உள்ள ஒரு சிறு சதுரத்தை எங்காவது தொடாமல் விட்டுவையுங்கள்.

மரம்

ஐம்பதுகளின் பெரும்பாலான படகுகள் மரச் சட்டங்களின் மேல் பிளைவுட் அடித்தவை. அடிப்பாகத்தில் அடி வாங்கும் இடங்களில் அலுமினியத் தகடு. தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில்தான் தண்ணீர் தங்கும், அங்கேதான் அழுகல் தொடங்கும். சின்ன சுத்தியலின் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல மரம் "டக்" என்று திருப்பிச் சொல்லும். கெட்டது "தொப்" என்று அமுங்கிப் பேசும். சந்தேகமான இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, குத்தூசியால் ஆணியைச் சுற்றி மெல்லக் குத்திப் பாருங்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்த இடம் போக வேண்டும்.

அழுகலை மட்டும் வெட்டுங்கள். முழுப் பலகையையும் மாற்றினால் வேலை சுலபம், பார்வைக்கும் அழகு, ஆனால் அப்படியே மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் உங்கள் கையில் இருப்பது புதுப் படகு. ஒட்டுப் போடுவதற்குச் சரிவு இணைப்பு செய்யுங்கள். பலகையின் கனத்தைப் போல எட்டு மடங்கு சரிவு வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளைவுட் என்றால் 48 மில்லிமீட்டர். இரண்டு முகங்களையும் இழைப்புளியால் ஒரே கோணத்துக்குச் சீவினால், பிளைவுட்டின் ஏடுகள் ஒவ்வொன்றும் நேர்க்கோடாகத் தெரியும். கோடு வளைந்தால் சரிவு வளைந்திருக்கிறது என்று பொருள், மறுபடி சீவுங்கள். எப்பாக்ஸி என்ற பசையைத் தடவி கிளாம்ப் போடும்போது நசுக்கிப் பசையெல்லாம் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். எப்பாக்ஸிக்கு உள்ளே கொஞ்சம் தங்க வேண்டும்.

வெட்டி எடுத்த அழுகின துண்டைக் குப்பையில் போடாதீர்கள். எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிப் பெட்டியில் வையுங்கள். புதிதாக வைத்த துண்டின் உள்முகத்தில் ஆண்டையும் எழுதுங்கள். ஐம்பது வருடம் கழித்துத் திறப்பவருக்கு எது பழசு, எது நம்முடையது என்று தெரிய வேண்டும்.

இஞ்சினும் தண்டும்

இஞ்சின் விஷயத்தில் ஒரே ஒரு கட்டளை: ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். அலிசனில் சிலிண்டருக்கு இரண்டாக 24 பிளக்குகள். எல்லாவற்றையும் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பிறகு கையால், மெதுவாக, ஒரு சுற்று. எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். இஞ்சின் தெரிந்தவர் வரட்டும்.

என் பங்கு இதற்கு அப்புறம் வருகிறது. இந்தப் படகுகளில் இஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே வேகத்தைக் கூட்டும் கியர்பெட்டி உண்டு. இஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஏறத்தாழ மூன்று சுற்று. அவ்வளவு வேகத்தில் சுற்றும் தண்டிலோ புரொப்பெல்லர் இலையிலோ முடி அளவு விரிசல் இருந்தாலும் அது படகின் அடியைக் கிழித்துக்கொண்டு போகும். ஆகவே தண்டு, புரொப்பெல்லர், சுக்கான், ஸ்டியரிங் இணைப்புகள் எல்லாவற்றுக்கும் சாயப் பரிசோதனை.

பாகத்தை எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் கழுவிக் காய வையுங்கள். கம்பி பிரஷ்ஷாலோ மணல் வீசியோ தேய்க்காதீர்கள், உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். சிவப்புச் சாயத்தைத் தடவி, டப்பாவின் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். மேலே இருக்கும் சாயத்தைத் துணியால் துடையுங்கள். கரைப்பானைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும், நேராகப் பாகத்தின் மேல் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். பிறகு சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாக அடித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. சில நிமிடங்களில் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு நூல் ஊறி வரும், பெரும்பாலும் இலை தண்டோடு சேரும் வேரில். அப்படி வந்தால் அந்தப் புரொப்பெல்லர் சுவரில் மாட்டுவதற்கு. எவ்வளவு அரிய பொருளாக இருந்தாலும் தண்ணீருக்கு அது போகக் கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஓட்டுவதா, நிறுத்துவதா

எல்லாப் படகும் ஓட வேண்டியதில்லை. கென் வார்பி சிட்னியில் தன் வீட்டுப் பின்கட்டில் கட்டிய ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா, 1978 அக்டோபர் 8 அன்று பிளவரிங் அணையில் மணிக்கு 511 கிலோமீட்டர் போனது. அந்த உலக சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. அந்தப் படகு சிட்னியில் ஆஸ்திரேலிய தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். ஸ்லோ-மோ-ஷன் 4 சியாட்டிலில் லேக் யூனியன் கரையில் உள்ள வரலாறு மற்றும் தொழில் அருங்காட்சியகத்தில் உயரத்தில் தொங்குகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அடிப்பாகத்தின் வடிவம் முழுக்கத் தெரியும், தண்ணீரில் ஓடும்போது யாருக்கும் தெரியாத பக்கம் அது.

கென்ட்டில் 1983 முதல் இருந்துவரும் ஹைட்ரோபிளேன் அண்ட் ரேஸ்போட் மியூசியம் வேறு வழியில் போகிறது. தன்னார்வலர்கள் சீர்செய்த படகுகளைக் கண்காட்சி ஓட்டமாகத் தண்ணீரில் இறக்குகிறார்கள். மெர்லினின் சத்தத்தை நெஞ்சில் வாங்கியவருக்குக் கண்ணாடிப் பெட்டி போதாது என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் ஓட்டினால் பந்தயம் கிடையாது. 1966 ஜூன் 19 அன்று வாஷிங்டன் டிசியில் போட்டோமாக் ஆற்றில் ஒரே நாளில் ரான் மஸ்ஸன், ரெக்ஸ் மான்செஸ்டர், டான் வில்சன் என்று மூன்று ஓட்டுநர்கள் இறந்தார்கள். பில் மன்சி என்ற ஓட்டுநர் 1981இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் இறந்தார். இவர்கள் காலத்துப் படகுகளில் ஓட்டுநர் திறந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருப்பார். போர் விமானத்தின் கண்ணாடி மூடி பொருத்திய அறை அதற்குப் பிறகு வந்தது. பழைய படகை அதன் பழைய வேகத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. வேக வரம்பை முன்கூட்டியே எழுதி, ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் என்றால் கடலோரக் காவல் படையின் அனுமதி, காப்பீடு, மீட்புப் படகு, நீரில் குதிக்கத் தயாராக ஆள், தீயணைப்பான். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் படகு டிரெய்லரிலேயே இருக்கட்டும், வந்த கூட்டம் வருத்தப்பட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம், எண்ணெய் அழுத்தம், வெப்பம், என்ன சத்தம் கேட்டது என்று பதிவேட்டில் எழுதுங்கள். கரையேறியதும் வடிகால் திருகுகளைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துடைத்து, மூடியைத் திறந்தபடி வையுங்கள்.

பணம்

பொதுவாக "நன்கொடை தாருங்கள்" என்று கேட்டால் வருவது குறைவு. "இடது ஸ்பான்சனின் மூன்றாம் சட்டத்துக்கு இவ்வளவு மரம் வேண்டும்" என்று கேளுங்கள். கொடுத்தவருக்கு அந்தச் சட்டத்தின் படத்தை அனுப்புங்கள். பொருளாகக் கேட்பது இன்னும் நல்லது. பெயின்ட், எப்பாக்ஸி, லாரி வாடகை, லேத்தில் அரை நாள். கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் காட்டுங்கள். அமெரிக்காவில் 501(சி)(3) என்ற லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு, நிறுவனங்களும் தயங்காமல் கொடுக்கும். இங்கே பெரிய கம்பெனிகள் பலவற்றில், ஊழியர் தன்னார்வமாகச் செய்யும் மணிநேரத்துக்கு ஈடாக நிறுவனமே அமைப்புக்குப் பணம் தரும் வழக்கம் இருக்கிறது. சியாட்டிலில் வேலை பார்க்கும் நம்மவர்கள் உங்கள் மனிதவளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் உப்புத்தாள் தேய்க்கும் ஒரு சனிக்கிழமை, ஒரு டப்பா எப்பாக்ஸியாகவும் மாறலாம்.

முதல் முறை பட்டறைக்கு வரும்போது முழு நீள பேன்ட், மூடிய ஷூ, பழைய சட்டை. மோதிரமும் வளையலும் வீட்டிலேயே இருக்கட்டும். குழந்தைகளையும் அழைத்து வரலாம், சாக்பீஸ் வட்டம் போடும் வேலை அவர்களுக்குத்தான்.